மல்லாந்து கிடந்த சிலந்தி

கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர் தெளித்தேன். நனைந்த தேங்காய் நார்த்தூளின் வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் மறுபடி ஆத்திரம் வந்தது. செத்துப்போனவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். நான் திட்டுவேன். உன் அக்கா நான்.

இடையஞ்சாவடியில் நீ வயரிங் வேலை பார்த்த விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர், ஊருக்குத் திரும்பும்போது இந்த டரான்டுலாச் சிலந்தியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி.

"ஊர்ல நாய் வளர்க்கிறான், புறா வளர்க்கிறான். நீ சிலந்தியாடா வளர்ப்ப?"

"அது யாரையும் தேடி வந்து கடிக்காதுக்கா. நாமதான் அதுங்கிட்ட போயி வம்பு பண்றோம்."

வேலை முடிந்து வந்தால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். அது முன்கால்களைத் தூக்கினால், "பயந்துட்டிருக்குது, சத்தம் போடாதீங்க" என்று எங்களை அதட்டுவாய். ஒருநாள் தீனியாகப் போட்ட கரப்பான்பூச்சியை அது தொடவில்லை என்பதற்காக, தொட்டியை யார் நகர்த்தியது என்று வீட்டையே விசாரித்தாய்.

அந்தக் கவனத்தில் கால்வாசி உன் உடம்பின் மேல் இருந்ததா?

உப்பளத்து மோட்டாரைச் சரிபண்ணிவிட்டு வந்து, வாசலில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றாய். சட்டை முழுக்க வேர்வை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "கேஸுக்கா. சோடா குடிச்சா சரியாயிடும்." என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். அவரையும், "போ மாமா, வேலையப் பாரு" என்று விரட்டினாய். மத்தியானம் அடுத்த மோட்டார் கொட்டகையில் விழுந்து கிடந்தாய். எழவு வீட்டுக்கு வந்தவர்கள், "படுக்கையில கிடக்காம போயிட்டான், நல்ல சாவு" என்றார்கள். கல்யாணம்கூட ஆகாதவனுக்கு அது என்ன நல்ல சாவு?

சிலந்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. நீ எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொட்டியைத் துடைக்க உள்ளே கையை விட்டேன். அது திரும்பி நின்று, பின்கால்களால் தன் உடம்பைப் பரபரவென்று தேய்த்தது. கொஞ்ச நேரத்தில் என் கை சிவந்து தடித்து, அரிப்பு தாங்கவில்லை. தன் முடியைத்தான் என் மேல் உதைத்துத் தள்ளியிருக்கிறது. அப்புறம் சாப்பிடுவதை நிறுத்தியது. மூலையில் முதுகைக் காட்டியபடி கிடந்தது. உன்னைத் தேடி ஏங்குகிறது என்று நினைத்தேன். "அவனே போயிட்டான், நீ யாருக்காகப் பட்டினி கிடக்கிற?" என்று அதையும் திட்டினேன்.

ஒருநாள் காலையில் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் முறத்தோடு வந்தார். "செத்துடுச்சும்மா. தூக்கிப் போட்டுடலாம்."

"கை வைக்காதீங்க!" என்று கத்தினேன். நீ வளர்த்ததென்று இந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அவர் திகைத்து நிற்கும்போதே ஒரு கால் லேசாக அசைந்தது.

அவசர அவசரமாகப் போனில் தேடினேன். தோல் உரிக்கப் போகிறதாம். அதற்கு முன்னால் சாப்பிடாதாம். உரிக்கும்போது மல்லாந்துதான் படுக்குமாம். அப்போது தொட்டாலே அடிபட்டுவிடுமாம். கொஞ்சம் விட்டிருந்தால் உயிரோடு குப்பையில் போட்டிருப்போம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

இருவரும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தோம். மேல்தோல் மூடிபோலத் திறந்தது. கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல ஒவ்வொரு காலையும் உருவி எடுத்தது. கடைசியில் பழைய தோல் ஒரு பக்கம், வெளுத்த புது உடம்பு ஒரு பக்கம்.

"உன் தம்பி இருந்து பாத்திருக்கணும்" என்றார் அவர். எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். வேறென்ன செய்வது?

போன வாரம் அவர் உப்பு வாரிவிட்டு வந்து தோள்பட்டை வலிக்கிறது என்றார். சட்டை மாற்றக்கூட விடவில்லை, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுச் சுளுக்கு என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் முணுமுணுத்தார்: "ஒண்ணுமில்லாததுக்கு இப்படி இழுத்துனு வந்தியே."

"ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும். இனிமே நம்ம வீட்டுல யாரும் தானா சொல்லக் கூடாது!"

நடுத்தெருவில் குரல் உயர்ந்துவிட்டது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரைத் திட்டுகிறேன் என்று அவருக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோபம் இன்னும் தணியவில்லைடா. தணியவும் வேண்டாம். இந்த வீட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கு அது தேவைப்படுகிறது.