காளீஸ்வரி கல்யாணத்தில் உங்கள் போன்

என் அருமை மச்சானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இப்படி உங்களுக்குச் சொல்லி நாளாயிற்று, சொல்லும்படி இருந்ததுமில்லை. இப்போது சொல்லலாம். போன வாரம் உங்கள் சேதுண்ணன் மகள் காளீஸ்வரிக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் அபிராமம். நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை, மணவறையில் உட்கார்ந்துகொண்டு போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டுமே! உங்களுக்குக் கேட்டிருக்குமோ?

முதலில் உங்கள் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கல்யாணக் கதை விளங்காது.

மினிபஸ் ஓட்டும்போது முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டி வைத்துப் பாட்டுப் போடுவீர்களே, அதே போன்தான். நெஞ்சுவலி வந்து நீங்கள் சாய்ந்தபோது அதுவும் கீழே விழுந்தது. திரையில் கீழ்ப்பாதி செத்துவிட்டது, மேல்பாதி பிழைத்துக்கொண்டது. சிம்மைக் கழற்றிவிட்டு, உங்கள் காக்கிச் சட்டைக்குள் சுற்றி பீரோவில் வைத்தேன். எடுத்துப் பார்க்க மனசு வராமல் வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தது.

நம் ஊரில் நெட் எடுக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், காற்றடித்தால் அதுவும் போய்விடும். பால்வாடியில் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டலாமென்றால், யானை தும்பிக்கையைத் தூக்கும், அப்படியே நின்று திரையில் வட்டம் சுற்றும். நம் பிள்ளைகள் பாவம், அந்த வட்டத்துக்கே கைதட்டப் பழகிவிட்டார்கள்.

ஒருநாள் முதுகுளத்தூரில் டீச்சர்மார் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு வீடியோ பார்த்தேன். பழைய போனை வீட்டுக்கு ஒரு சர்வராக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். சர்வர் என்றதும் எனக்கு ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைக்கிற ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். முழுக்கப் பார்த்தால் வேலையும் ஏறக்குறைய அதுதான். பாட்டு, படம், பாடம் எதுவானாலும் போனுக்குள் போட்டு வைத்து, ஒரு ஆப்பை ஓடவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் போனின் வைஃபையில் சேர்ந்தால், கேட்டவருக்குக் கேட்டதை அது எடுத்துக் கொடுக்கும். நெட் வேண்டியதில்லை. நம் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் எவரோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். செத்த பாதியில் இருக்கிற பொத்தானை எப்படி அமுக்குவது? போனைச் சாய்த்துப் பிடித்தால் படமும் சாயும், பொத்தான் உயிருள்ள பக்கத்துக்கு ஓடி வரும். அப்படியே சாய்த்தும் நிமிர்த்தியும் சில நாள் மல்லுக்கட்டினேன். நடுவில் நீங்கள் எடுத்த வீடியோ ஒன்று தானாகத் திறந்துகொண்டது. பாம்பன் பாலத்தில் நின்று கடலை எடுத்திருக்கிறீர்கள். பாதிப் படம் உங்கள் கட்டைவிரல். “மல்லிகா, இங்கன பாரு, இங்கன பாரு” என்று நீங்கள் கெஞ்ச, நான் திரும்பியே பார்க்காமல் முறுக்கைத் தின்றுகொண்டிருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தேன் மச்சான். நீங்கள் போன பிறகு உங்களை நினைத்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

வைஃபைக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. உங்கள் பெயரை வைத்துவிட்டேன். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள்தான், விரலால் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே?

அதற்குப் பிறகு எனக்கு வந்த மவுசைக் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் நீங்கள் ஓட்டிய அதே மினிபஸ்ஸில் டவுனுக்குப் போய், என் போனில் இறக்கி உங்கள் போனை நிரப்பிக்கொண்டு வருவேன். சந்தைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்லிவிடுவதைப் போலத் தெருவே சொல்லிவிடும். “மதினி, ஆட்டுக்குக் கழிச்சல் கண்டா என்ன குடுக்கணும்னு டாக்டரு பேசுனாராம்ல, அதைக் கொண்டு வாங்க.” “டீச்சர், பன்னெண்டாப்புக் கணக்குப் பாடம்.” “ஏத்தா, எனக்கு அந்த மாரியம்மன் தாலாட்டு.” போனையும் பவர் பேங்கையும் தூக்குச்சட்டிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பால்வாடிக்கும் போவேன், நூறுநாள் வேலை நடக்கிற கண்மாய்க்கும் போவேன். நான் வருகிற தூரத்திலேயே கேட்பார்கள்: “முத்தையா வந்துட்டாரா?” “வந்துட்டாருடி, எனக்கு ரெண்டு கோடு காட்டுது!”

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் மட்டும் நான் பின்னால் போய்விடுவேன். நம் ஊரில் யாரும் என்னை “தள்ளிப் போ” என்று சொன்னதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவார்களோ என்று நானே முந்திக்கொள்வேன். தாலித் தட்டு வெளியே வந்ததும் கால் தானாகச் சமையல் பக்கம் நடக்கும். எத்தனை கல்யாணத்தில் வெங்காயம் உரித்திருக்கிறேன் தெரியுமா?

காளீஸ்வரி கல்யாணக் கதைக்கு வருகிறேன். உங்கள் சேதுண்ணன் சவுதியில் லாரி ஓட்டுகிறார் அல்லவா, லீவு கிடைக்கவில்லை. பெண்ணின் அம்மா பாக்கியம் அக்கா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஒருநாள் ஓடி வந்தார்.

“ஏத்தா மல்லிகா, அவுக ஒரு வீடியோ எடுத்து அனுப்பிருக்காகளாம். எம்போன்ல சுத்துது சுத்துது, வரவே மாட்டேங்குது. நம்ம முத்தையா தம்பிகிட்டக் கொண்டாந்துருவியா?”

போனை ‘தம்பி’ என்றுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவோடு உட்கார்ந்து, அவர் போனில் துண்டு துண்டாக வந்த வீடியோவை இறக்கி உங்கள் போனில் சேர்த்தேன். அங்கேயே இரண்டு பேரும் பார்த்தோம். சேதுண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீறோடு தன் அறையில் நிற்கிறார். பின்னால் கூட வேலை பார்க்கிற ஆட்கள். ஒருவர் தட்டில் மேளம் தட்டுகிறார், ஒருவர் வாயாலேயே நாயனம் வாசிக்கிறார். மகளுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்திக்கொண்டு, கை நிறைய அரிசியை அள்ளி நம் முகத்தைப் பார்த்து வீசுகிறார்.

“தாலி கட்டுற நேரத்துக்கு இதைப் போடணும்” என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதுக்கு முன்னாடி யாருக்கும் காட்டிராத.”

கல்யாணத்தன்று வீட்டுக்கு முன்னால் பந்தல். மணவறையைச் சுற்றி நாற்காலிகளில் சொந்தக்காரர்களின் போன்களைச் சாய்த்து வைத்தோம். எல்லாம் உங்கள் வைஃபையில். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றக் கிளம்பியதும் வீடியோவை ஓடவிடச் சொன்னேன். எல்லாப் போனிலும் சேதுண்ணன் வந்துவிட்டார். பந்தலே ‘ஓ’ என்றது. காளீஸ்வரி குனிந்த தலையை நிமிர்த்தி, “அய்யா!” என்றாள். மேளக்காரர்களே வாசிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

தட்டு என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. என் கால் பழைய வேலையைக் காட்டியது. யாருக்கும் தெரியாமல் நழுவி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டேன். உங்கள் போன் என் தோள் பையில் இருப்பது மறந்தே போனது.

வெங்காயத்தைக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் முன்னால் ஒரே கூச்சல். “ஐயையோ, நின்னு போச்சு!” “முத்தையா போயிட்டாரு!” “எங்க போனாரு?” வீட்டுச் சுவர் மறைத்துவிட்டது மச்சான். வைஃபை அத்தனை தூரம் எட்டாது. சேதுண்ணன் அரிசி அள்ளிய கையைத் தூக்கியபடி எல்லாப் போனிலும் அப்படியே நின்றுவிட்டாராம். அவர் மேல் வட்டம் சுற்றுகிறதாம்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்று, “இந்தாங்க, போனை வாங்கிக்கங்க” என்று நீட்டினேன்.

காளீஸ்வரி மணவறையில் இருந்தே சத்தம் போட்டாள். “போன் மட்டும் வந்தா எப்பிடி சித்தி? அது சூடேறுனா யாரு பாக்குறது? நீங்க இங்கன வந்து எம்பக்கத்துல நில்லுங்க!”

மாப்பிள்ளையின் அத்தை அபிராமத்தில் இருந்து வந்தவர். மெல்லத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “நல்ல காரியம்ல… அவுக செத்தத் தள்ளி நின்னா என்ன?”

“தள்ளி நின்னதுனாலதான் எங்கய்யா பாதியில நிக்கிறாரு” என்றாள் காளீஸ்வரி. “அவரு அரிசி போடாம நான் கழுத்த நீட்ட மாட்டேன்.”

முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் அத்தையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, “வாங்க அத்தை, சீக்கிரம்” என்றான். அப்போதும் என் கால் நகரவில்லை. பாக்கியம் அக்காதான் தாலித் தட்டோடு நேரே என்னிடம் நடந்து வந்தார். தட்டை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

தொட்டேன் மச்சான். தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து மணவறைக்கே கூட்டிப்போய்விட்டார்.

சேதுண்ணன் மறுபடி அசைந்தார். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நேரத்தில் விழித்து, சிலது முதலில் இருந்தே தொடங்கியதால் அவரும் ஒரே நேரத்தில் அரிசி போடவில்லை. இந்த நாற்காலியில் வீசுகிறார், அந்த நாற்காலியில் இப்போதுதான் அள்ளுகிறார், மூலையில் இருக்கிற போனில் இன்னும் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். சுற்றிச் சுற்றி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று அவர் குரல்தான். தாலி ஏறி, மூன்று முடிச்சும் விழுந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தார். எந்த அப்பன் மகளுக்கு அத்தனை தடவை அரிசி போட்டிருப்பான்? காளீஸ்வரி சிரிக்கிறாள், அழுகிறாள். நான் ஒரு கையால் பத்திரிகை அட்டையை வைத்துப் போனுக்கு விசிறிக்கொண்டு, பெண்கள் குலவை போட்டபோது நானும் போட்டுவிட்டேன். அத்தனை நாள் எங்கே இருந்ததோ அந்தக் குலவை, என் சத்தம்தான் பந்தலில் பெரிதாகக் கேட்டது.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம், அந்த அபிராமத்து அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பாக்கை மென்றுகொண்டிருந்தார்.

“ஏத்தா, எம்போன்ல அது வரவே இல்ல. அந்த அரிசி போடுறத இன்னொருக்காப் பாக்கணும்.”

உங்கள் போன் பத்துப் பேருக்கு மேல் தாங்காது. ஒருவரைக் கழற்றிவிட்டு அவருக்கு இடம் கொடுத்தேன்.

“எந்தப் பேர அமுக்கணும்? எனக்கு எழுத்துத் தெரியாது. நீ பேரச் சொல்லு, நான் பேத்தியாள அமுக்கச் சொல்றேன்” என்றார்.

நான் வாயால் சொல்லாத பெயர் அது. பிறகு சொல்லிவிட்டேன். “முத்தையா.”

“யாரு அது?”

“எங்க வீட்டுக்காரரு.”

“நல்ல பேரு” என்றார். பிறகு வீடியோவைப் பார்த்து, வாயால் நாயனம் வாசிக்கிற ஆள் வந்ததும் வெற்றிலைச் சாறு சிந்தச் சிந்தச் சிரித்தார். போகும்போது, “அபிராமத்துக்கு வந்தா வீட்டுக்கு வா” என்றார். நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கல்யாண வீடியோவை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேதுண்ணனுக்கு அனுப்பினேன். அவருடைய பதில் குரலாக வந்தது. “தாயி, எம்மகளுக்கு நான் வந்தது போலவே இருந்துச்சாம்” என்றார். அதையும் உங்கள் போனில் வைத்திருக்கிறேன்.

மறுவீட்டுக்கு வந்த காளீஸ்வரியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “நெசத்தைச் சொல்லுடி. போனை நாற்காலியில வச்சிருந்தாலே போதும்ல? வேணும்னுதானே என்னையக் கூப்ட்ட?”

“வீடியோ நின்னது நெசந்தானே சித்தி” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பக்கம் ஓடிவிட்டாள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

தை மாதம் வடக்குத் தெருவில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பத்திரிகை வைத்துவிட்டார்கள். ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அந்தக் கல்யாணத்துக்கு உங்கள் போனை வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டு வெறுங்கையோடு போவேன். போய் முன் வரிசையில் உட்காருவேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
மல்லிகா முத்தையா