கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி

1957 ஜூன் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பிள்ளைகள்தான். கூரை ஒழுகி, பலகையில் எழுதிய கணக்கெல்லாம் கரைந்துபோனது. பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம்.

சாயந்தரம் மழை விட்டது. கேமராவைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தடிக்கு. (சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை, அண்ணனுக்குக் கொடுத்த பெட்டிக் கேமரா. அண்ணன் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அதைத் தொடவே பயம் அவருக்கு.) ஆறு சிவப்பாக ஓடுகிறது. செவ்வாய்தோறும் கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப்போகும் கூட்ஸ் கோச்சி வந்தது. பாலத்தில் எப்போதும்போல மெதுவாக. இஞ்சின் போனது, பெட்டிகள் போயின, கடைசிப் பெட்டி வந்ததும் அமுக்கினேன். கார்டு பச்சைக் கொடியை ஒரு தரம் ஆட்டினார். எனக்காகத்தானா? அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு மாடு நின்றது.

ஜூன் 6, வியாழன்

பனி. தலைவலி. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சோக்கட்டி, வெள்ளை நூல்.

ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளைக்கு அட்டனில் துணிக்கடை. அண்ணிதான் சொன்னார். "நல்ல மாதிரி ஆளுங்க சரோ. ஒனக்கும் இருவத்தேழு ஆச்சுல்ல?"

ஆச்சு. வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். உள்ளதைச் சொன்னால் சிரிப்பார்கள். கடைசிப் பெட்டியில் நின்று கொடி ஆட்டும் ஒருவர். பெயர் தெரியாது. தமிழரா சிங்களவரா, அதுவும் தெரியாது. பெண்டாட்டி பிள்ளை இருக்கலாம். பைத்தியம்தான். ஆனாலும் செவ்வாய் என்றால் எழும்பும்போதே மனசு லேசாக இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

வந்தார்கள். வடை, கேசரி. அண்ணியின் நீலச் சேலை எனக்கு.

அவர் பெயர் ராமநாதன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் தொல்லை. "படம் புடிப்பீங்களாமே?" என்றார். கூட்ஸ் கோச்சியைப் பிடிப்பேன் என்றேன். சிரிக்கவில்லை. "நம்ம கடைச் சாமானும் கூட்ஸ்லதாங்க வருது" என்றார். கொஞ்சம் பிடித்துப்போயிற்று. அதற்காக அவர் மேலேயே கோபமும் வந்தது.

போனதும் அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். தெரியல என்றேன். பொய். அண்ணி பாத்திரத்தை உடைக்காத குறையாகக் கழுவினார்.

ஜூன் 11, செவ்வாய்

தூறல். மறுபடி பாலத்தடி. கொடி ஆடியது. அமுக்கினேன், சுருள் முடிந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ராமநாதன் மீசையில் ஒட்டியிருந்த வடைத்தூள்தான் நினைவுக்கு வந்தது. ஏன் இப்போது?

அண்ணன் அட்டனுக்கு இன்னும் எழுதவில்லை. "சனிக்கெழம வரைக்கும் யோசிச்சுப் பாரு, தங்கச்சி."

ஜூன் 15, சனி

தலவாக்கலை. புதனன்று கொடுத்துவிட்ட சுருள் கழுவி வந்துவிட்டது. கடைசிப் பெட்டியை மட்டும் பெரிதாக்கச் சொல்லியிருந்தேன். ஸ்டூடியோக்காரர், "என்னங்க டீச்சர், ஒண்ணுலயும் இஞ்சினக் காணோமே?" என்றார். கை பிந்திவிட்டது என்று பொய் சொன்னேன்.

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். தெளிவாக விழுந்தவை மூன்று. ஒன்றில் தாடிக்காரர். ஒன்றில் குண்டாக ஒரு கிழவர், வாயில் சுருட்டு. இன்னொன்றில் ஒல்லியாக ஓர் இளவட்டம். மூன்று ஆட்கள். மூன்று பேர் கையிலும் கொடி.

எத்தனை வாரம் பார்த்தும் கேமராக் கண்ணாடிக்குள் குனிந்தேதான் பார்த்திருக்கிறேன். அதில் ஆள் நெல்மணி அளவு. மிச்சத்தை நானே போட்டு நிரப்பியிருக்கிறேன். அப்படியானால் ஞாயிறு யாருக்காக வேண்டாம் என்றேன்? சுருட்டுக்காரருக்காகவா? சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அழுகை. இறங்க வேண்டிய இடத்தை விட்டு, அடுத்ததில் இறங்கி நடந்தேன்.

வீட்டில் அண்ணன் பேனாவும் கையுமாக. "அட்டனுக்கு என்ன எழுத?"

இப்போது குறுக்கே யாரும் இல்லை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேணாம்ண்ணே" என்று வந்தது.

"காரணம்?"

"தெரியலண்ணே."

இந்தத் தடவை பொய் இல்லை. அண்ணன் பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தார். தடுக்கலாமா என்று அடுப்படி வாசலில் நின்றேன். நின்றுகொண்டிருக்கும்போதே உறையை ஒட்டிவிட்டார்.