மஞ்சள் துணி கட்டிய மரங்கள்

ராஜபாளையம்,
சனிக்கிழமை.

அன்பு மகள் ஜூடிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், டேராடூன் குளிரில் உன் தொண்டை எப்படி இருக்கிறதோ என்பதுதான் கவலை, சுக்கைத் தட்டிப்போட்டுக் குடி. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வந்துவிட்டார். போனில் சொன்னால் பக்கத்து அறையில் மாரீஸ்வரி காதில் விழும் என்றுதான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

உன் முதல் ஸ்டூடன்ட் என்று எங்களோடு தங்கவைத்தாயே, அந்தச் சேத்தூர்ப் பிள்ளை மாரீஸ்வரி, ஆராய்ச்சியே வேண்டாம் என்று பையைக் கட்டிவிட்டாள். திங்கட்கிழமை மில் ஆபீஸ் வேலையில் சேரப் போகிறாளாம். விஷயம் இதுதான். செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் அணில் கூடு உள்ள மரங்களில் பெயின்ட் அடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்று, என் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து அடையாளம் கட்டியிருக்கிறாள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போயிருந்த சமயம், மலைக்கோயிலுக்கு வந்த பெண்கள் அதை நேர்த்திக்கடன் மரம் என்று நினைத்து ஆளுக்கொரு மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். பக்கத்து மரங்களையும் விடவில்லை, ஒன்றில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டிலே தொங்குகிறதாம். எது தன் மரம் என்று அவளுக்கே தெரியவில்லை, கூட்டை வைத்துச் சொல்லலாம் என்றால் பக்கத்து மரங்களிலும் அணில் விட்டுப்போன பழைய கூடுகளாம். போனில் இடம் குறிக்கவில்லையா என்றேன், அடர்ந்த இடத்தில் அது பக்கத்து மரத்தையும் சேர்த்துத்தான் காட்டுமாம். சாமிக்குக் கட்டியதை அவிழ்க்கவும் மனசு வரவில்லை. இந்த மண்ணுல பெறந்துட்டு மஞ்சத் துணியக் கட்டுனா என்ன ஆவும்னு தெரியாமப் போச்சே, மேடம் என்னைய நம்பித்தான விட்டிருக்காவ, எந்த மூஞ்சியோட சொல்லுவேன் என்று ஒரே அழுகை. சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஏட்டி, படிக்கிற காலத்தில் நீ லேப் ஃப்ரீசர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வந்தாயே, சாம்பிள் அத்தனையும் கெட்டு, இனிப் படிக்கவே போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாய். உன் கைடு எலியேசர் சார் மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என்னைக்கு வார தாயி, நானும் கூட நிக்கேன், மொதல்லருந்து எடுப்போம் என்றார்கள். கொடுத்த வாழைப்பழச் சீப்பைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மனுஷர் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணாமல் என் ஜெபம் இன்றும் முடிவதில்லை. அவர்களுக்கு நாம் என்ன கைமாறு செய்துவிட முடியும்? உனக்கும் நன்றி சொல்ல வேண்டும், நீ போன பிறகு இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் இருந்தது, இவளை அனுப்பிவைத்தாய்.

நீ கோபக்காரி, என் வயிற்றில் பிறந்தவள்தானே. விளக்கம் கேட்டு மெயில் போட்டுவிடாதே, அதைப் படித்தால் இன்றைக்கே கிளம்பிவிடுவாள். உன் குரலைக் கேட்டால் நிற்பாள். சாப்பிட்டாயா என்று கேள், மரத்தைப் பிறகு கேட்கலாம்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்மணிபோல் காப்பாராக. நாளை கோயில் ஆராதனை முடிந்து வந்துவிடுவேன். அவள் நம்பருக்கு அடித்தால் எடுக்கமாட்டாள், என் நம்பருக்கு அடி. யார் என்று சொல்லாமல் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மா,
தேவகிருபை