ஸ்ரௌவ்வில் மைதானத்து அறுகு

வெக்ஸ்போர்ட்,
28 ஏப்ரல் 2025

அன்புள்ள தேனுகா அக்கா,

நலம்தானே? போனில் பேசினால் இரண்டு பேரும் சத்தம் போடுவோம். அதனால்தான் தபால்.

பெண்கள் கிரிக்கெட் கழகத்தின் மைதானப் பொறுப்பை விட்டு நான் எழுந்து வந்தது புல்லுக்காக மட்டுமில்லை. "செத்த புல்லுக்கு எத்தின நாளைக்குக் காவல் இருக்கிறது? பிரட்டிப் போடுவம்!" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னது நீங்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். போன வருடம் குளிர் தாங்கும் அறுகைப் பதிக்க எனக்காக வாதாடிய செயலாளரும் நீங்கள்தானே.

அக்கா, அது சாகவில்லை. பக்கத்து உதைபந்தாட்டத் திடலில் இருப்பது குளிர்நாட்டுப் புல், ஏப்ரலிலேயே பச்சையாகிவிடும். அறுகு மண் சூடேறும்வரை வைக்கோல் போலத்தான் கிடக்கும். உயிர் கீழே, தண்டின் கணுக்களில் இருக்கிறது. நிலத்தைப் பிரட்டும் மெசின் வருவதற்குள் ஒன்று செய்யுங்கள். உள்ளங்கையளவு புல்லை மண்ணோடு வெட்டி, ஒரு சட்டியில் வைத்து, வெயில் விழும் குசினி ஜன்னலில் மூன்று கிழமை விடுங்கள். முளைக்காவிட்டால் நான் வாயே திறக்க மாட்டேன்.

என்றும் உங்கள்,
முர்ஷிதா

ஸ்ரௌவ்வில்,
17 மே 2025

அன்புத் தங்கை முர்ஷிதாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. பிள்ளைகள் ஒரு மாதமாகக் கார் நிறுத்துமிடத்தில் பந்து பிடித்துப் பழகுகிறார்கள். பெற்றோருக்குப் பதில் சொல்வது நான், நீ இல்லை.

ஆனாலும் சட்டியை வைத்தேன். பதினைந்து நாள் ஒன்றுமில்லை. நேற்றுத் தண்ணீர் குடிக்க வந்த நம் அணித் தலைவி ஸ்டெபனி, "அன்ரி, இட்ஸ் அலைவ்! இங்க பாருங்கோ!" என்று கத்தினாள். ஊசி போல மூன்று பச்சை முனைகள்!

கழகத் தலைவர் அமிர்தநாதரிடம் ஓடினேன். "மெசினுக்குச் சொல்லியாச்சு, பிள்ளை" என்றார். சட்டியை அவர் மேசையில் வைத்து, "அப்ப என்ட பதவிக்கும் ஆளைத் தேடுங்கோ" என்றேன். ஜூன் பதினைந்து வரை தவணை தந்திருக்கிறார். இனி என்ன செய்ய வேண்டும், உடனே எழுது.

அன்புடன்,
தேனுகா

வெக்ஸ்போர்ட்,
21 மே 2025

தேனுகா அக்காவுக்கு,

காய்ந்த மேற்புல்லைத் தாழ்வாக வெட்டி அள்ளுங்கள். வெயில் நேரே மண்ணில் விழட்டும். பாதி மைதானம் பச்சையாகும்வரை உரம் ஒரு பிடிகூட வேண்டாம். களைக்கொல்லியும் கூடாது. தினமும் காலையில் நான்கு அங்குல ஆழத்தில் தெர்மோமீட்டர் குத்திப் பாருங்கள். பதினெட்டு டிகிரியில் நின்றால், பிறகு நீங்கள் தடுத்தாலும் அறுகு நிற்காது.

எனக்காகப் பதவியைப் பணயம் வைத்ததை இரண்டு முறை வாசித்தேன். திரும்பி வரமட்டும் கேட்காதீர்கள்.

முர்ஷிதா

ஸ்ரௌவ்வில்,
14 ஜூலை 2025

என் அன்பு முர்ஷி,

ஜூன் ஆறாம் தேதி பதினெட்டு! நான்கே நாளில் எங்கு பார்த்தாலும் பச்சைப் புள்ளி. பதினைந்தாம் தேதி அமிர்தநாதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மைதானம் முழுக்க வெறுங்காலோடு நடந்தார். அங்கேயே நின்று போன் போட்டு, மெசின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மனிதர்.

இப்போது மூன்று கிழமையாக மழையில்லை. உதைபந்தாட்டத் திடல் கருகிவிட்டது. நம்முடையது கம்பளம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்த ஒஷாவா அணிப் பயிற்சியாளர் ஷரோன் குனிந்து கிள்ளிப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்று கேட்டார்! கடைசிப் பந்தை ஸ்டெபனி பாய்ந்து பிடித்தாள். நான்கு ஓட்டத்தால் வென்றோம்.

பரிசளிப்பில் மைக்கைக் கேட்டு வாங்கினேன். "இந்தப் புல்லை வச்சது முர்ஷிதா. செத்துப் போச்செண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னது நான். பிழை என்னில" என்றேன். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீ வராவிட்டாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
தேனுகா

வெக்ஸ்போர்ட்,
18 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

எல்லாம் தெரியும். சனிக்கிழமை வேலிக்கு வெளியே காரில் ஜன்னலை இறக்கிவிட்டு இருந்தேன். ஸ்டெபனி பந்தைப் பிடித்தபோது விடாமல் ஹோர்ன் அடித்தது நான்தான். நீங்கள் பேசி முடித்த பிறகு அரை மணி நேரம் கார் ஓட்டக் கண் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். தெற்கு எல்லையில் யாரோ கோணலாக வெட்டியிருக்கிறார்கள். நான் வரும்வரை புல்வெட்டும் மெசினை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.

உங்கள் தங்கை,
முர்ஷி