சீசரின் சங்கிலியும் என் கையும்

பெருங்களத்தூர்
12-11-89, ஞாயிறு

ஆசை மகள் பேபிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாயிருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அதேபோல் சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். வாந்தி நின்றுவிட்டதா, பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு, ஊறுகாயே கதி என்று இருக்காதே. தலைப்பிரசவத்துக்கு ஜனவரியில் ஏழாம் மாதம் உன்னைக் கொண்டுவந்து விடுவதாக மாப்பிள்ளை எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. காரணம் நம் வீட்டு நாய்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு வந்ததால் சீசருக்கு உன்னைத் தெரியாது. வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டால் பூனைக்குட்டி மாதிரி காலடியில் கிடக்கும். சங்கிலி போட்டு வெளியே கூட்டிப்போனால் மட்டும் எதிரில் யார் வந்தாலும் பின்னங்காலில் எழுந்து நின்று பாயும். உனக்கு எழுதாமல் ஒன்றை மறைத்துவிட்டேன். போன மாதம் பக்கத்து வீட்டு ஷரீஃபா நமக்கென்று தூக்குவாளியில் சேமியா பாயசம் எடுத்துக்கொண்டு வந்தாள், நான் சீசரோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன், அது பாய்ந்த வேகத்தில் அவள் பின்னால் சாய்ந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுப்போயிற்று. பல் படவில்லை, அந்த மட்டும் ஆண்டவர் காப்பாற்றினார். அந்த இடத்தில் ஏழு மாத வயிற்றோடு நீ நின்றிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது பார், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார், இது பிறவிக் குணம், கிறிஸ்துமஸுக்குள் அடங்காவிட்டால் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்று.

அதனால் ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரைப் பக்கத்துக் காலி மனையில் நாய் பழக்கும் வகுப்புக்குப் போய்வருகிறேன், சிரிக்காதே. விமானப்படையில் நாய்களைப் பழக்கி ஓய்வுபெற்ற குப்புராஜ் சார் நடத்துகிறார். மற்ற நாய்களைப் பிடித்துக்கொண்டு வருவதெல்லாம் ஆம்பளைகள், நடுவில் நான் ஒருத்தி. முடிந்ததும் அப்படியே ஆராதனைக்கு ஓடுகிறேன், புடவையெல்லாம் நாய் மயிர், பாஸ்டர் அம்மா தள்ளித் தள்ளி உட்காருகிறார்கள். முதல் நாள் சார் சீசரைப் பார்த்ததைவிட என் கையைத்தான் அதிகம் பார்த்தார். தூரத்துல ஆள் தலை தெரிஞ்சதுமே சங்கிலியக் கையில ரெண்டு சுத்து சுத்தி இறுக்குறீங்களேம்மா, ஆபத்து வருதுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்றீங்க, சங்கிலி நடுவுல தொய்வா தொங்கணும் என்றார். விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும்போது ஷரீஃபாவும் அதைத்தான் சொன்னாள், இன்னாக்கா, அது சும்மாத்தானே நின்னுச்சு, நீங்க இழுத்தப்புறம்தானே பாய்ஞ்சுது என்று. வலியில் ஏதோ சொல்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆளைக் கண்டு குரைப்பதற்கு முன்பே பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், திரும்பிப் பார்த்தால் பிஸ்கட் துண்டு கொடுக்க வேண்டும், நாளாக நாளாகத் தூரத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். எதிரில் நடந்துவர ஒரு பெண்பிள்ளை வேண்டுமென்று சார் கேட்டபோது யார் வந்து நின்றது தெரியுமா, மாவுக்கட்டுக் கையோடு ஷரீஃபாதான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. போன வாரம் இருபது அடியிலேயே சீசர் உறுமியது. இன்று பத்தடியில் அவள் கடந்து போனாள், அது என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது, நானும் சங்கிலியைக் கையில் சுற்றவில்லை. எல்லோரும் நல்ல முன்னேற்றம் என்றார்கள். பத்தடி எந்த மூலைக்கு பேபி, நம் கேட் அகலமே நாலடிதானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்தெரு வீட்டில் கதவை உடைத்துத் திருடினார்களே, அதற்குப் பிறகுதான் சீசரை வாங்கினோம். அப்பா ரயில்வே ஷெட்டில் நைட் டூட்டிக்குப் போகிற நாளெல்லாம் தனியாகக் கிடந்து எனக்குக் கண்ணே மூடாது. குட்டியிலேயே ரோஷம் வரட்டும் என்று, தெருவில் முன்பின் தெரியாத ஆள் வந்தால் சங்கிலியைச் சுண்டி சூ சூ என்று ஏவிவிட்டவள் நான்தான். குரைத்ததும் தட்டிக்கொடுத்துக் கருவாட்டுத் துண்டு போடுவேன். இப்போது பிறவிக் குணம் என்று அப்பா திட்டும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். நான் செய்ததற்கு அந்த வாயில்லா ஜீவன் ஊசிக்குப் போகப்போகிறதே என்று பயமாயிருக்கிறது, அதை வைத்துக்கொண்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயமாயிருக்கிறது. அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியமில்லை. இந்தக் கவரை ஒட்டாமல் அவரிடம் கொடுக்கிறேன், எப்போதும்போல் கடைசியில் அவர் எழுத இடம் விட்டிருக்கிறேன். படிக்காமல் எழுத மாட்டார்.

உன் வாசனை இப்போதே சீசருக்குப் பழகட்டும் என்கிறார் சார். இரண்டு நாள் உடுத்திய பழைய புடவை ஒன்றைப் பார்சலில் அனுப்பு, ஞாபகம், துவைக்கக் கூடாது. ரயிலில் மேல் பெர்த்தில் ஏறாதே. நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழ ஆண்டவர் துணையிருப்பாராக. மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதமும் முத்தமும்.

உன் வரவுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும் அம்மா,
செல்வமேரி

பேபி, படித்தேன். சீசரை வெளியே கூட்டிப்போகும்போது நானும் அதற்குச் சூ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் நைட் டூட்டிக்குப் போனால் உன் அம்மா தனியாக இருக்கிறாளே என்ற பயம். அவளிடம் சொன்னதில்லை. ஊசிப் பேச்சு இனி இல்லை. வருகிற ஞாயிறு வகுப்புக்கு நானும் போகிறேன். புடவையைச் சீக்கிரம் அனுப்பு, இன்னும் ஆறடி குறைய வேண்டும்.
அப்பா ஏசுபாதம்