மீசை நிழல்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. உன் முட்டிவலி குறைந்ததா? உலகத்தில் யாரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள்.

எங்கள் சோலார் பேனல் ஆலை உற்பத்தியை மூன்று மடங்காக்கப் போகிறது. அதற்காகச் சூரியனுக்கே ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். பேனலில் கீறல் கண்டுபிடிக்கிற என்னை முதலாளியே குடை பிடித்து அழைத்துப் போகிறார். புது லைனுக்குப் போகுமுன் எல்லோருக்கும் கண் பரிசோதனை. தேறாதவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். நேற்று சூப்பர்வைசர், "அண்ணே, இவ்வளவு பெரிய கீறலை எப்படி விட்டீங்க?" என்றான்.

"அது கீறல் இல்ல தம்பி, உன் மீசையோட நிழல்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அலமாரியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தால் உடனே அனுப்பு. இங்கே வாங்கினால் ஆலைக்குத் தெரிந்துவிடும். மாமாவிடம் மூச்சுவிடாதே. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

சூரியனும் குடையும் என் புளுகு. சூப்பர்வைசர் விரல் வைத்துக் காட்டியும் அந்தக் கீறல் எனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் நிஜம்.