ஆவுடையின் வாயில் வைத்த உப்பு

நலம் ஓங்குக. மாரி பொய்யாதிருக்க. கடல் தன் எல்லையில் நிற்க.

அலைமேட்டு நாட்டையும் அதன் பதினெட்டுத் துறைகளையும் ஒரு குடைக்கீழ் ஆண்டு, மூன்று சமயத்தார்க்கும் ஒரு தாயாய் விளங்கும் கோமகள் அவனிமங்கை நாச்சியார் அரியணை ஏறிய பதினோராம் ஆண்டு, மாசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், வெண்குன்றூர் அரண்மனையிலிருந்து, கோமகள் திருவாய் மலர்ந்தபடி ஓலைநாயகம் சந்தியாகு மாராயர் எழுதுவித்த திருமுகம்.

நெடுங்கழிப்பட்டினத்து மாதா கோயில் சபைத் தலைவர் இன்னாசி மூப்பரும், பாட்டு அண்ணாவி சூசையாரும், சபையார் அனைவரும், இவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய துறையதிகாரி விழுப்பரையரும் இதைக் கேட்பார்களாக. உங்கள் வலைகள் நிறைக. உங்கள் தோணிகள் கரை சேர்க. உங்கள் கோயில் மணி விரிசலின்றி ஒலிக்க. முறைக்கு வாழ்த்தியாயிற்று. இனி வரும் வரிகளில் வாழ்த்தைத் தேட வேண்டாம். சபையார் அமர்ந்து கேட்கலாம். இன்னாசி மூப்பர் மட்டும் நின்றுகொண்டு கேட்க வேண்டும் என்பது கோமகளின் விருப்பம்.

சென்ற ஞாயிறு, தவசுகாலத்தின் மூன்றாம் ஞாயிறு. கழிக்கரை அணை உடைந்திருப்பதைப் பார்வையிட வந்த மாராயர், தாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலாயிற்றே என்று பூசைக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்தார். மாசிவெயில் கொளுத்தும் நாளில் மேற்குச் சாளரங்கள் அத்தனையும் பனம்பாயால் அடைத்திருந்ததைக் கண்டு, கூரை பழுதோ என்று எண்ணிக்கொண்டார். புயலடக்கும் பாட்டுக்கு நேரம் வந்தது. அண்ணாவி வாயசைத்தார், பாடகர் பன்னிருவரும் வாயசைத்தார்கள், பாட்டைத்தான் காணவில்லை. தம் காதுதான் மந்தமாகிவிட்டதோ என்று மாராயர் சுண்டுவிரலால் குடைந்துகூடப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முதியவள் ஒருத்தி பாட்டு எதுவென்று தெரியாமல் கிறிஸ்து பிறப்புப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கோயில்பிள்ளை, பாட்டு முடிந்தது என்று எண்ணிப் பாதியிலேயே மணியை அடித்துவிட்டார். சொந்தச் சபைக்கே கேட்காத பாட்டை ஆண்டவர் மட்டும் எப்படிக் கேட்டாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

பூசை முடிந்து காரணம் கேட்டபோது இன்னாசி மூப்பர் வெட்கப்படவில்லை, பெருமையோடு விளக்கினார். புயலடக்கும் பாட்டு சபையின் முன்னோர் கட்டியது என்றும், அதன் ஏடு பெட்டியில் இரண்டு பூட்டோடு இருக்கிறது என்றும், மேற்குச் சுவரை ஒட்டிய உப்பளத்தில் வேலை செய்வோர் நம் வேதத்தைச் சேராதவர்கள் என்றும், அவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று கேட்கிறார்கள் என்றும், அவர்களில் ஒருத்தி பாட்டை முழுவதுமாய்த் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்றும் சொன்னார். ஆகவே சாளரம் அடைக்கப்பட்டது, குரல் தாழ்த்தப்பட்டது, சுவருக்கு வெளியே இருவர் செவிக்காவலுக்கு நிறுத்தப்பட்டனர். எல்லோரும் பாடத் தொடங்கிவிட்டால் பிறகு சபைக்கென்று என்ன மதிப்பு என்று அவர் கேட்டாராம். தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கோற்போர் நாயின் கதைதான் அப்போது மாராயர் நினைவுக்கு வந்தது. சபை நடுவே அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய பொறுமை. ஓலையில் சொல்வதற்கு அந்தப் பொறுமை மிஞ்சவில்லை.

அதன்பின் அவர் முற்றத்துக்கு வந்தார். அங்கே நண்பகல் வெயிலில் ஒரு பெண் நின்றாள். கன்னம் ஒருபுறம் புடைத்திருந்தது. உதடு வெடித்து, வாயோரம் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் அவள் கையெடுக்கவில்லை. அவள் பெயர் ஆவுடை. அளத்தில் உப்பு வாரும் பெண். வாயில் இருந்தது உப்புக்கட்டி. மூன்று ஞாயிறு, பூசை தொடங்கி முடியும்வரை, பாடிய வாயில் உப்பை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், இனி ஒருநாளும் அப்பாட்டை வாயெடுக்கக் கூடாது என்று விழுப்பரையர் தீர்ப்பெழுதியிருந்தார். தீர்ப்பைச் சொல்லிக்கொடுத்தவர் இன்னாசி மூப்பர். உப்புக்கட்டியை எடுத்துக் கொடுத்தவர் அண்ணாவி சூசையார். சிலுவையில் தாகத்தோடு தொங்கினவருக்குப் புளித்த காடி கொடுத்தவர்களை எண்ணி ஆண்டுதோறும் மார்பில் அடித்துக்கொள்ளும் கூட்டம், அதே தவசுகாலத்தில், அதே முற்றத்தில் செய்த வேலை இது.

விழுப்பரையரே, உங்கள் தீர்ப்போலையை மாராயர் எழுத்தெழுத்தாய்ப் படித்தார். பாட்டுக் களவு என்று எழுதியிருக்கிறீர். களவென்றால் உடையவனிடம் பொருள் குறைந்திருக்க வேண்டும். ஆவுடை பாடிய பிறகு பெட்டியில் இருந்த பாட்டில் எந்த அடி குறைந்தது? சுவரேறி வந்தாளா, பூட்டை உடைத்தாளா? காற்று கொண்டுவந்து காதில் போட்டதை அவள் மனத்தில் வைத்துக்கொண்டாள். அது குற்றமானால் முதலில் காற்றை அல்லவா கட்டி இழுத்து வந்திருக்க வேண்டும்? இத்தனை அறிவும் இருந்தும் மூப்பரின் முகத்தைப் பார்த்து எழுத்தாணி பிடித்தீரே, அதைத்தான் கோமகளால் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பெண் பாட்டை யாருக்காக எடுத்தாள் என்று உங்களில் ஒருவராவது கேட்டதுண்டா? மாராயர் கேட்டார். அவள் பின்னாலேயே அளத்துக் குடிசைவரை நடந்தார். உள்ளே அவள் கணவன் சடையன் ஐப்பசி முதல் இளைப்பு நோயில் கிடந்தான். மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும்போது அவனுக்குப் பயம் வந்துவிடும். பொழுது சாயும் வேளையில் அவள் அவன் தலையை மடியில் வைத்து, 'கடலை அதட்டிய வாயே, எங்கள் கண்ணீரை அதட்டாதே' என்று பாடுவாள். பாட்டு முடிவதற்குள் மூச்சு சீராகி அவன் கண்ணயர்வான். மருத்துவன் கொடுத்த சூரணம் செய்யாததை இந்த ஒரு பாட்டு செய்தது. தீர்ப்பு வந்த நாள்முதல் அவன் உறங்கவில்லை.

தாம் அரண்மனை ஓலைநாயகம் என்றும், தாமும் அச்சபையைச் சேர்ந்தவர் என்றும், இப்போதே அவள் பாடலாம் என்றும் மாராயர் சொன்னார். அதற்கு அவள் சொன்ன மறுமொழி, நடையைத் திருத்தாமல் அவள் வாய்மொழியாகவே இங்கே பொறிக்கப்படுகிறது:

"அது அவிய பாட்டுன்னு சொல்லிட்டாவ சாமி. அடுத்தவிய பொருளத் தொட்டு எனக்குப் பழக்கமில்ல. தெரியாமப் பாடிட்டேன், அதுக்கு உப்பத் தின்னாச்சு. அவிய சாமி பாட்டு, அவிய மனசு நோவ நாம் பாடக்கூடாது. அரசி வாயால வந்தா அப்பப் பாத்துக்கிடுவோம்."

சபையோரே, இதை இரண்டாம் முறையும் வாசிக்கச் செய்து கேளுங்கள். வாயெல்லாம் புண்ணாகி நின்றவள், புண்ணாக்கினவர்களின் மனம் நோகக்கூடாது என்கிறாள். பிறனை உன்னைப்போல் நேசி என்று ஞாயிறுதோறும் கேட்கிறவர்கள் நாம். கேட்காமலே செய்கிறவள் அவள். இதை எழுதுவிக்கும்போது மாராயர்க்குச் சினத்தைவிட வெட்கமே மிகுந்தது.

அவள் பாட மறுக்கவே, சடையனின் திணறலைப் பார்க்கப் பொறாமல், உரிமையுள்ள தாமே பாடிவிடுவது என்று மாராயர் துணிந்தார். அவர் குரல் எப்படிப்பட்டது என்று அண்ணாவிக்குத் தெரியும். இளமையில் பாடகர் வரிசையிலிருந்து அவரை இறக்கியவரே அண்ணாவிதாம். இரண்டடி போவதற்குள் சடையன் கண்ணைத் திறந்து, "போதும் சாமி, தொண்ட வலிக்கப் போவுது" என்றான். உரிமை உள்ளவருக்குக் குரல் இல்லை. குரல் உள்ளவளுக்கு உரிமை இல்லை. இந்தக் கூத்தைச் செய்து வைத்தவர்கள் நீங்கள்.

மாராயர் அன்றே புறப்பட்டுக் கோமகள் திருமுன் வந்து நடந்ததைச் சொன்னார். கோமகள் நம் வேதத்தார் அல்லர் என்பது நாடறிந்தது. அவர்கள், உங்கள் ஆண்டவர் இப்படித்தான் கற்பித்தாரோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். முப்பதாண்டு அரண்மனையில் எத்தனையோ நாட்டுத் தூதர்க்கு மறுமொழி சொன்னவர் மாராயர். சுவிசேஷத்தில் வரும் வேற்றினத்துத் தாய் ஒருத்தி தன் மகளுக்காகக் கெஞ்சியபோது, மேசையிலிருந்து விழும் அப்பத் துணிக்கையாவது எனக்குண்டு என்ற அவள் சொல்லுக்கு ஆண்டவர் தோற்று நின்றார் என்பதை அவர் அறியாதவரா? உங்கள் மேசையிலிருந்து விழுந்த துணிக்கையையும் கூட்டிப் பெருக்கிப் பூட்டி வைத்தீர்கள் என்று எந்த வாயால் சொல்வார்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று ஊரில் சொல்வது நம்மைப் பார்த்துத்தான் போலும்.

கோமகள் அருளிய தீர்ப்பு வருமாறு. கோயிலுக்குள் எதைப் பாடுவது, ஏட்டை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் சபையின் உரிமை; பிற சமயத்தாரின் பெட்டியைத் திறக்கச் சொல்லும் வழக்கம் இந்த அரசுக்கு இல்லை. ஆனால் குடிகளின் வாயும் செவியும் கோமகளின் காவலில் உள்ளவை. காற்றில் வந்த பாட்டைக் கேட்பதும் கேட்டதைப் பாடுவதும் இந்நாட்டில் களவாகா. ஆவுடைமேல் எழுதிய தீர்ப்பு இன்றோடு செல்லாது. விழுப்பரையர் துறை முத்திரையைக் கழற்றி ஓலை கொண்டுவருவோனிடம் ஒப்படைக்க. மூப்பரும் அண்ணாவியும் பாடகர் பன்னிருவரும் ஓலை கண்ட அன்றே பொழுது சாயும்முன் அளத்துக்குச் சென்று, சடையன் உறங்கும்வரை முழுக்குரலில் அப்பாட்டைப் பாடுக.

இரண்டாம் ஏடு.

மேலேட்டில் அரக்கிட்டு இலச்சினை பதிக்கும் வேளையில் நெடுங்கழியிலிருந்து ஆள் வந்தான். நேற்று மாலை சடையன் இறந்தான். மூச்சு முட்டியபோது அவன் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மூன்று முறை கேட்டிருக்கிறான். ஆவுடை அவன் நெஞ்சை நீவிக்கொண்டே இருந்தாள், பாடவில்லை. தடை அப்போதும் நீங்கவில்லையே. உங்கள் ஆணைக்கு அவள் கடைசிவரை கீழ்ப்படிந்தாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுமாறு மாராயர் சொல்கிறார். கோமகள் தீர்ப்பருளியது முந்தாநாள். அன்றே நாலு வரி எழுதிக் குதிரையில் அனுப்பியிருந்தால் நேற்று நண்பகலில் ஓலை வந்து சேர்ந்திருக்கும். பட்டங்களை அடுக்கி, உவமை தேடி, உங்களைச் சுடச்சுடத் திட்டுவதற்குச் சொல் பொறுக்கியதில் ஒன்றரை நாள் போயிற்று. அது ஓலைநாயகத்தின் குற்றம். அதை அவர் யார்மேலும் சாத்தவில்லை.

ஆகவே ஆணை மாறுகிறது. மேலேட்டின் மற்றெல்லாம் அப்படியே நிற்க. பாட்டைப் பற்றியது மட்டும் இவ்வாறு: பதினான்கு பேரும் தலைப்பாகை இன்றி, செருப்பின்றி ஆவுடையின் வாசலுக்குச் செல்க. வரிசையின் கடைசியில் மாராயர் வந்து நிற்பார். மன்னிப்புக் கேட்டபின், பாடலாமா என்று மூப்பர் அவளைக் கேட்க. பாடுங்கள் என்றால், உப்பளம் முழுதும் கேட்கும்படி பாடுக. வேண்டாம் என்றால் ஒரு சொல்லும் பேசாமல் திரும்புக. ஏன் என்று கேட்கும் உரிமை நம்மில் ஒருவருக்கும் இல்லை.

இது கோமகள் அவனிமங்கை நாச்சியார் ஆணை. இலச்சினை இடப்பட்டது. இவை சந்தியாகு மாராயன் எழுத்து.